எடைக் குறைப்புக்கான புரோபயாட்டிக் கேப்சூல்: 84 நாள் உட்கொண்ட பின் எழுதும் மதிப்பீடு

கடந்த மாசி மாத இறுதியில், நாகர்கோவில் வடசேரியில் உள்ள ஒரு மருந்துக் கடையில், "எடை மேலாண்மைக்கான புரோபயாட்டிக்" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட ஒரு புட்டியை வாங்கினேன். புரோபயாட்டிக் என்றால் உடலுக்கு நன்மை தரும் என்று உட்கொள்ளப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள். உள்ளே அவற்றை அடைத்த 30 கேப்சூல்கள் இருந்தன. விலை 1,380 ரூபாய். நாளொன்றுக்கு ஒன்று வீதம், காலை உணவுக்கு முன், குறைந்தது 12 வாரம் உட்கொள்ள வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அதன்படி மூன்று புட்டிகளுக்கு 4,140 ரூபாய் செலவிட்டு, 84 நாளும் தவறாமல் உட்கொண்டேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய இதே சொற்களோடும் இதே நுண்ணுயிர்ப் பெயர்களோடும் விற்கப்படும் புட்டிகளை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஐந்தாறு பார்த்துவிட்டேன். நான் சொல்லப்போவது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் இந்த மதிப்பீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாசிப்பவர் முடிவு செய்ய முடியும். எனக்கு வயது 46. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உயரம் 156 சென்டிமீட்டர். தொடங்கிய நாளன்று எடை 78.4 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ 32க்குச் சற்று மேல் வந்தது. நம் நாட்டவருக்கு 2009இல் மருத்துவர்கள் வகுத்த அளவின்படி 25ஐத் தொட்டாலே உடல் பருமன்தான். பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் 6.1 வந்திருந்தது. நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறீர்கள், எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். இந்த நிலையில் நான் மட்டும் இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். மாலை நடைக்கு நேரம் கிடைக்காத, வீட்டுச் சமையலைத் தன் ஒருத்திக்காக மாற்றத் தயங்குகிற ஒரு பெண்ணுக்கு, காலையில் ஒரு குளிகை போதும் என்ற வாக்குறுதி எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை நான் அனுபவித்து அறிந்தேன்.

இந்த வாக்குறுதி வெறும் விளம்பரக்காரர்களின் கற்பனை அன்று. அதன் வேர் உண்மையான ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டனின் குழுவினர், பிறந்தது முதல் எந்த நுண்ணுயிரும் படாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்தனர். அவை முன்பைவிடக் குறைவாகத் தின்றும், இரண்டே வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிவிட்டது என்று 2004இல் எழுதினர். பருத்த எலியின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள், மெலிந்த எலியின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றைவிட அதிகக் கொழுப்புச் சேர்த்தன என்று 2006இல் காட்டினர். நாம் செரிக்க முடியாத நார்ப்பொருளைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன; அவற்றில் ஒரு பகுதி நமக்கு ஆற்றலாகச் சேர்கிறது, ஒரு பகுதி வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகளைத் தூண்டுகிறது. ஆகவே, வயிற்றில் குடியிருக்கும் உயிர்களை மாற்றினால் எடையையும் மாற்றலாமே என்ற எண்ணம் நியாயமானதுதான்.

ஆனால் அதே குழுவினர் 2013இல் செய்த சோதனையை இந்தப் புட்டிகளை விற்பவர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் நுண்ணுயிர்களைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து, அந்த எலிகளை ஒரே கூண்டில் விட்டார்கள். மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் பருமனானவரின் எலிக்குள் புகுந்து அது கொழுப்பதைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்த, காய்கனியும் நாரும் மிகுந்த தீவனம் இருந்தபோதுதான் அது நடந்தது. நாரில்லாத கொழுப்புத் தீவனத்தைக் கொடுத்தபோது வந்த விருந்தாளிகள் தங்கவில்லை. வேலை செய்யும் உயிருக்கு உண்ண எதுவும் இல்லையென்றால் அது அங்கே இருப்பதற்குக் காரணமும் இல்லை. என் 84 நாளின் பலனும் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அட்டையைப் பார்ப்போம். மூன்று பெயர்கள் இருந்தன: லாக்டோபாசில்லஸ் காசேரி, லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் பிரீவே. மூன்றும் சேர்ந்து ஒரு கேப்சூலில் 1,000 கோடி உயிர்கள் என்று எழுதியிருந்தது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி நாளொன்றுக்குக் குறைந்தது 10 கோடி உயிர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வகையில் எண்ணிக்கை தாராளம். ஆனால் அந்த 1,000 கோடிக்குப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், "தயாரிக்கும்போது" என்று ஒரு சொல் இருந்தது. எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. நாங்கள் சிறுநீர்க் கல்ச்சர் போடும்போது, தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணி, ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல் இருந்தால் தொற்று என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்தச் சிறுநீரைக் காலையில் எடுத்துவிட்டு வெயிலில் வைத்து மாலையில் கொண்டுவந்தால் நாங்கள் வாங்குவதே இல்லை. உயிருள்ள எதையும் எண்ணுவதற்கு எந்த நேரத்தில், எந்த வெப்பத்தில் என்ற கேள்வி முதன்மையானது. தயாரித்த நாளன்று 1,000 கோடி இருந்ததா என்பது எனக்குத் தேவையில்லை. காலாவதியாகும் நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதே நான் விலை கொடுத்து வாங்கும் பொருள். அந்த எண் புட்டியில் எங்கும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, மூன்று பெயர்களுக்குப் பின்னாலும் இன எண், அதாவது ஒரே பெயருள்ள நுண்ணுயிருக்குள் எந்த உட்பிரிவு என்று காட்டும் குறியீடு, இல்லாதது. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. வாழைப்பழம் வாங்கி வா என்று யாரும் இங்கே சொல்வதில்லை. மட்டியா, செந்துளுவனா, ஏத்தனா, பேயனா, பாளையங்கோட்டானா என்று கேட்காமல் கடைக்காரரும் தார் அருகே போக மாட்டார். கைக்குழந்தைக்கு மட்டிப் பழத்தை மசித்துக் கொடுக்கிறோம் என்பதற்காக எல்லா வாழையும் ஒன்றாகிவிடாது. நுண்ணுயிர்களிலும் அப்படித்தான். ஈ கோலை என்ற ஒரே பெயரில், நம் எல்லோர் குடலிலும் அமைதியாக வாழும் இனமும் உண்டு, இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் இனமும் உண்டு. காசேரி என்று மட்டும் எழுதுவது வாழை என்று மட்டும் எழுதுவதற்குச் சமம்.

காசேரியைப் பொறுத்தவரை இது சொல்லில் மட்டும் நிற்கிற வேறுபாடு அன்று. 2010இல் ஜப்பானில் 87 பேரிடம் செய்த ஆய்வில், லாக்டோபாசில்லஸ் காசேரி எஸ்பிடி 2055 என்ற குறிப்பிட்ட இனம் சேர்த்துப் புளிக்கவைத்த பாலை நாளுக்கு 200 கிராம் வீதம் 12 வாரம் குடித்தவர்களுக்கு, வயிற்றின் உட்கொழுப்புப் பரப்பு 4.6 விழுக்காடும், எடை 1.4 விழுக்காடும், இடுப்புச் சுற்றளவு 1.8 விழுக்காடும் குறைந்தன. 2013இல் 210 பேரிடம் அதைவிடப் பல மடங்கு குறைந்த எண்ணிக்கையில் அதே இனத்தைக் கொடுத்தபோதும் உட்கொழுப்பு 8 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஆனால் குடிப்பதை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்தப் பலன் மங்கத் தொடங்கிவிட்டது. அந்த இனத்தை உருவாக்கிய பால் நிறுவனத்தின் ஆய்வாளர்களே இந்த ஆய்வுகளிலும் பங்கேற்றார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நான் வாங்கிய புட்டியோடு வந்த துண்டறிக்கை, 4.6 விழுக்காடு என்ற அந்த எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டு, எஸ்பிடி 2055 என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டது. வேறொரு இனத்தின் பலனைத் தன் பலனாகக் காட்டுவதை என்னால் சிறிய பிழையாகக் கருத முடியவில்லை.

என் பங்குக்கு, புட்டியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டே கேள்விகளை எழுதினேன்: மூன்று நுண்ணுயிர்களின் இன எண் என்ன, காலாவதி நாளில் உயிரோடு இருக்கும் எண்ணிக்கை என்ன. 11 நாள் கழித்து ஒரு வண்ணத் துண்டறிக்கை வந்தது. அதில் எலிகளின் படம் இருந்தது, என் கேள்விகளுக்கு விடை இல்லை. மீண்டும் எழுதினேன், அதற்கு மறுமொழி வரவில்லை.

அடுத்தது, கடையில் வைத்திருந்த முறை. புட்டியின் அடிப்பக்கத்தில் "25 டிகிரிக்குக் கீழ், ஈரமற்ற இடத்தில் வைக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் முதலில் வாங்கிய வடசேரிக் கடையில் இது கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே, பிற்பகல் வெயில் விழும் மேல்தட்டில் இருந்தது. "இதற்கு பிரிட்ஜ் வேண்டாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வேண்டாங்க்கா, பொடிதானே உள்ளே இருக்கு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உறைய வைத்து உலர்த்திய நுண்ணுயிர் பொடியாகத்தான் இருக்கும். ஆனால் அது உறங்குகிற உயிர், வெப்பமும் ஈரமும் பட்டால் உறக்கத்திலேயே செத்துவிடும். கடலோரமாக இருக்கும் நம் மாவட்டத்தில், பங்குனி வெயிலில், காற்றிலேயே ஈரம் தொங்கும் ஊரில், 25 டிகிரி என்பது பிரிட்ஜ் இல்லாமல் நடக்காது. இரண்டாவது, மூன்றாவது புட்டிகளைத் தக்கலையில் வேறொரு கடையில் வாங்கினேன். அங்கே இன்சுலின் வைக்கும் பிரிட்ஜிலேயே இதையும் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் பொதியோடு கட்டிக் கொடுத்தார்கள். விலை இரண்டு கடையிலும் ஒன்றுதான். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்று கேட்டபோது அந்தக் கடைப் பெண் என்னை உள்ளே அழைத்து, பிரிட்ஜ் கதவில் மாட்டியிருந்த வெப்பமானியையே காட்டினார். இந்தப் பரிவர்த்தனை முழுவதிலும் எனக்கு மன நிறைவு தந்தது அந்தக் கடை ஒன்றே.

கேப்சூல்களைத் தனித்தனி அலுமினியப் பட்டையில் அடைக்காமல் பிளாஸ்டிக் புட்டியில் மொத்தமாகப் போட்டிருப்பதும் நம் ஊருக்கு ஏற்றதில்லை. ஈரம் உறிஞ்சும் சிறு பை உள்ளே இருந்தாலும், ஒரு மாதம் முழுவதும் தினமும் மூடியைத் திறக்கிறோம். ஒவ்வொரு முறையும் கடற்காற்று உள்ளே போகிறது. முதல் புட்டியின் கடைசி வாரத்தில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனை உயிர் மிஞ்சியிருந்தது என்று தட்டில் வளர்த்துப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. ஆனால் எங்கள் கூடத்தில் இந்த உயிர்களுக்கு உரிய வளர்ப்பு ஊடகம் இல்லை.

உடலில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் எட்டு நாள் வயிறு உப்பியது, வாயு மிகுந்தது. துண்டறிக்கை அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மூன்றாவது வாரம் முதல் காலைக்கடன் ஒழுங்கானது. பல ஆண்டாக இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றிருந்த எனக்கு அது பெரிய நிம்மதி, அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எடையைப் பொறுத்தவரை, முதல் நான்கு வாரம் முடிந்தபோது 78.1 கிலோ, எட்டு வாரத்தில் 77.5, பன்னிரண்டு வாரத்தில் 77.6. இடுப்பு 98இலிருந்து 97. மூன்று மாதச் சர்க்கரை 6.1 அப்படியே இருந்தது. இந்த 84 நாளும் உணவை வேண்டுமென்றே மாற்றவில்லை, ஏனென்றால் குளிகையின் பலனைத் தனியாகப் பார்க்க விரும்பினேன். வழக்கமான மதியச் சம்பா அரிசிச் சோறு, வாரம் இரண்டு மாலை மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஏத்தங்காய் சிப்ஸ், இடையில் ஈஸ்டர், ஒரு கல்யாண விருந்து என்று எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் நடுவே என் எடை ஒரு கிலோ வரை ஏறி இறங்குகிறது. அதோடு ஒப்பிட்டால் 800 கிராம் என்பது பேசத்தக்க எண்ணே இல்லை.

பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பும் ஒருவித ஆறுதலும் உண்டாயின: என் எண் விதிவிலக்கில்லை. 15 ஆய்வுகளில் இருந்த 957 பேரின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, 3 முதல் 12 வாரம் வரை புரோபயாட்டிக் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட சராசரியாக 600 கிராம்தான் அதிகம் குறைத்தார்கள் என்கிறது. ஆகவே இந்தப் பொருளால் எடை குறையும் என்று சொல்வது முற்றிலும் பொய்யில்லை. எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லாமல் விற்பதில்தான் தவறு இருக்கிறது. 600 கிராம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் 4,140 ரூபாய் கொடுத்து நான் வாங்கியிருப்பேனா?

பெண்களுக்கு இது கூடுதல் பலன் தரும் என்று துண்டறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. கனடாவின் கியூபெக் நகரில் லாவல் பல்கலைக்கழகத்தார் பருமனான 125 பேரிடம் 24 வாரம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ராம்னோசஸின் ஒரு குறிப்பிட்ட இனத்தைப் பெற்ற பெண்கள், வெற்றுக் கேப்சூலைப் பெற்ற பெண்களைவிட அதிகம் மெலிந்தார்கள்; ஆண்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் முதல் 12 வாரமும் எல்லோரையும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். வெற்றுக் கேப்சூல் பெற்றவர்களும் மெலிந்தார்கள். கூண்டு எலிகளில் தெரிந்த அதே சங்கதிதான் இங்கேயும் தெரிகிறது: உணவு மாறிய இடத்தில் நுண்ணுயிர் கொஞ்சம் கைகொடுக்கிறது, உணவு மாறாத இடத்தில் அதற்குப் பிடி இல்லை.

84 நாள் முடிந்ததும் நான் குளிகையை நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்த்தேன். கட்டணம் இல்லை, வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் என் சமையலைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டார் உண்பதையே நானும் உண்ணும்படி அளவை மட்டும் மாற்றினார். மதியம் சோறு பாதி, மீதிப் பாதிக்குச் சிறுபயறோ தட்டைப்பயறோ ஒரு தோரன். மரச்சீனி வேண்டுமென்றால் அன்று சோறு இல்லை. சிப்ஸுக்குப் பதில் ஒரு மட்டிப் பழமும் மோரும். வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை இவற்றில் ஒன்று தினமும். இரவு எட்டு மணிக்கு முன் கஞ்சியும் பயறும். நாளுக்கு 40 நிமிட நடை. அடுத்த 12 வாரத்தில் 77.6இலிருந்து 74.2க்கு வந்தேன். இடுப்பு 93. காலைக்கடன் ஒழுங்கும், குளிகை இல்லாமலேயே, கெடவில்லை; நார்ப்பொருள் அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஒருத்தியின் கணக்கு ஆய்வாகிவிடாது, முதல் 12 வாரத்தில் எடுத்த குளிகை பின்னால் ஏதோ உதவியிருக்கலாம் என்று வாதிடுபவருக்கு என்னிடம் மறுப்பும் இல்லை. ஆனாலும் அடுத்த 4,140 ரூபாயை எதற்குச் செலவிடுவேன் என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தயிரும் பழங்கஞ்சியும் இருக்க இந்தப் புட்டி எதற்கு, அவற்றிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் பழங்கஞ்சி பிடிக்கும். சின்ன வெங்காயமும் சுட்ட மாசிக் கருவாடும் வைத்துக் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்தப் பேச்சும் மறுபக்கத்து மிகையே. தயிரிலும் பழங்கஞ்சியிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பது உண்மை. எந்த இனம், எத்தனை என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். இட்லி மாவில் இருப்பவை ஆவியில் வெந்ததும் செத்துவிடுகின்றன. கொதிக்கவிட்ட மோர்க்குழம்பிலும் அப்படியே. புட்டியின் மீது இன எண் கேட்கிற நான், தயிருக்கு மட்டும் கேட்காமல் விட்டால் நியாயமாகாது. தயிரை உணவாக உண்ணலாம். எடைக்கு மருந்தாக அதைச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

யார் இதை வாங்கவே கூடாது என்பதைப் புட்டி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று" என்ற கட்டாய வாசகம் மட்டும் ஒரு மூலையில் இருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், இரத்தக் குழாயில் நிலையான ஊசிக்குழல் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த நுண்ணுயிர்களே இரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 24 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 9 பேர். நலமாக இருப்பவரை இது அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆனால் தீங்கே இல்லாதது, யாரும் எடுக்கலாம் என்று கடையில் சொல்லப்படுவதைக் கேட்டு, நோயாளியான தாய்க்கோ தந்தைக்கோ வாங்கிக் கொடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

வடசேரிக் கடைக்கு வேறொரு வேலையாகப் போனபோது, அதே தட்டில் புதிய புட்டி ஒன்று இருந்தது. அக்கர்மான்சியா என்ற நுண்ணுயிர். விலை பழையதைப்போல் இரண்டு மடங்கு. 2019இல் பெல்ஜியத்தில் சிறு எண்ணிக்கையினரிடம் மூன்று மாதம் செய்த ஆய்வில், இந்த உயிரைச் சூடாக்கிக் கொன்றபின் கொடுத்தபோதுதான் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. எடைக் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கடையிலிருந்த புட்டியில் "உயிருள்ளது" என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. நல்ல ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்பதை நான் மனமார நம்புகிறேன், ஒருநாள் சரியான இனமும் சரியான உணவும் சேர்ந்த சிகிச்சை வரவும் கூடும். ஆனால் ஆய்வுக் கூடத்தில் இன்னும் பாதி வழியில் இருப்பதை முழு விலைக்கு இன்றே நம் மேல் ஏற்றுவதை ஏற்க முடியவில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: மலச்சிக்கலுக்கு ஐந்தில் மூன்று தருவேன், அதுவும் தக்கலைக் கடையைப்போல் குளிரில் வைத்து வாங்கினால். எடைக்கு ஒன்று. அட்டையின் நேர்மைக்கு ஒன்றும் தர மனமில்லை. வாங்கியே தீருவேன் என்பவர் மூன்றைப் பார்த்து வாங்கட்டும்: பெயருக்குப் பின் இன எண், காலாவதி நாள் வரைக்குமான எண்ணிக்கை, கடையின் பிரிட்ஜ். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குலசேகரத்தில் இருக்கும் என் மைனி, நான் மெலிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிகையின் பெயரை எழுதி அனுப்பு என்று போன வாரம் கேட்டார்கள். மூன்றாவது புட்டியில் 6 கேப்சூல்கள் மீதி இருந்தன. அவற்றை அனுப்பவில்லை. உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே போனால் வரிசை குறைவு என்று சேர்த்து எழுதினேன்.